வெள்ளை மனம் பலமே!



எனக்கு முன்னால் பேசிய நண்பர், 'வெகுளியா இருந்தா ஊரே வித்துத் தின்னுடும்'னு முடிச்சார். நீங்களும் கைதட்டினீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். தப்பு யார் மேல? விற்கப்பட்டவன் மேலயா, வித்துத் தின்ற ஊர் மேலயா? (கைதட்டல்)

அவர் 'சின்னத்தம்பி'யை உதாரணம் காட்டினார். 1991-ல் வந்த படம். தாலி என்றால் என்னவென்று தெரியாமலே கட்டுகிறான் நாயகன். ஐயா, அது அறியாமை. அறியாமை வேறு, வெள்ளை மனம் வேறு. வள்ளுவர் பேதைமைக்கென்றே பத்துக் குறள் வைத்தார். கெடுதலைப் பிடித்துக்கொண்டு நன்மையைக் கைவிடுகிறவன்தான் அவருக்குப் பேதை.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு '16 வயதினிலே' படத்துக்கு வாங்க. 1977, பாரதிராஜாவின் முதல் படம். கோபாலகிருஷ்ணன் என்று அழகான பேர் இருக்கிறவனை ஊரே 'சப்பாணி' என்கிறது. மயில் யாரை நம்பினாள்? பட்டணத்திலிருந்து வந்த படித்த டாக்டரை. அவர் விவரமானவர். விவரமாகக் கைவிட்டுப் போனார்! (சிரிப்பு) தாயும் போய், ஊரும் தூற்றியபோது அவளுக்குத் துணையாக நின்றவன் யார்? சப்பாணி. நன்மையைக் கைவிட்ட பேதை யார் என்று இப்போது சொல்லுங்கள்.

'கடைசியில கொலை செய்து சிறைக்குப் போனானே'ன்னு கேட்பீங்க. பழந்தமிழில் வெகுளி என்றால் கோபம் என்று பொருள். அந்தக் கோபம் எப்படி இருக்கும்னு பரட்டையைக் கேட்டா தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்) தனக்காக அவன் அதைச் செய்யவில்லை. மயிலின் மானத்தைக் காக்கச் செய்தான். அதனாலேதான் ரயில் நிலையத்தில் அவள் காத்திருக்கிறாள். டாக்டருக்காக எவளாவது காத்திருந்தாளா?

இன்னும் மேலே போகிறேன். சேக்கிழார் காட்டுகிற திண்ணன் ஒரு வேடன். ஆகமம் தெரியாது. வாயிலே சுமந்து வந்த நீரால் நீராட்டி, மென்று ருசி பார்த்த இறைச்சியைப் படைத்தான். முறைப்படி பூசை செய்கிற சிவகோசரியார் பதறிப்போனார். ஆறாம் நாள் இறைவன் கண்ணிலே இரத்தம். தன் கண்ணைப் பெயர்த்து அப்பினான். மறு கண்ணிலும் இரத்தம். அதையும் கொடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொண்டானே, அது விவரமில்லாதவன் செய்கிற காரியமா? புத்தி இருந்தது நடுவர் அவர்களே. அந்தப் புத்தியைத் தனக்குப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்!

இது சினிமா, புராணத்தோடு நிற்கிற விஷயமில்லை. கடைக்காரர் தவறுதலாகக் கூடக் கொடுத்த பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துட்டு வர்ற பிள்ளையை நாம என்ன சொல்றோம்? 'பிழைக்கத் தெரியாதவன்'. இன்னைக்கு அவனுக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லித் தர்றோம். நாளைக்கு நாம படுக்கையில விழும்போது அதே கணக்கை நம்மகிட்டயும் பார்ப்பான். அப்போ அழுது பயனில்லை.

ஆகவே, மற்றவர் கண்ணுக்காகத் தன் கண்ணைத் தர முடிகிற வெள்ளை மனம் பலமே, பலமே என்று தீர்ப்புத் தாருங்கள். (பலத்த கைதட்டல்)