வசவின் பொருள் யார் மேல் விழுகிறது?

(குறுவளமையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், இவன் கெட்ட வார்த்தை பேசறான்!" இந்தப் புகார் வராத நாள் நம் யாருக்கும் இல்லை. "என்னடா சொன்ன?" என்று அதட்டுவோம். பையன் தலையைக் குனிந்து நிற்பான். "இனிமே பேசக்கூடாது" என்று அனுப்பிவிடுவோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவனும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

நாம் கெட்ட வார்த்தை என்று ஒரே மூட்டையில் கட்டி வைப்பவை உண்மையில் இரண்டு வகை. ஒன்று, உடலையும் அதன் செயல்களையும் குறிக்கும் சொற்கள். மற்றொன்று, ஆளைப் புண்படுத்தும் வசவுகள்.

முதல் வகைக்கு நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. தகுதி வழக்கில் இடக்கரடக்கல் நடத்துகிறோம். 'கால் கழுவி வந்தான்' என்று எடுத்துக்காட்டும் சொல்கிறோம். அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. ஆனால் மறைத்துச் சொல்வது வேறு, சொல்லே தராமல் விடுவது வேறு. அந்தரங்க உறுப்புகளுக்குக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே பெயர் தெருவில் கேட்ட வசவாக இருந்தால், நாளை யாரேனும் அதனிடம் தவறாக நடந்துகொள்ளும்போது அது எப்படி நம்மிடம் வந்து சொல்லும்? "கெட்ட வார்த்தை சொன்னால் டீச்சர் அடிப்பார்" என்று வாயை மூடிக்கொள்ளும். எனவே உறுப்புகளின் பெயரைக் கூச்சமின்றிக் கற்றுக் கொடுப்போம். சின்னஞ்சிறு குழந்தை வயதுக்கு மீறிய சொல்லைச் சொன்னால், கோபப்படுமுன் அது எங்கே கேட்டது என்று தனியே, பரிவோடு விசாரிப்போம். ஐயம் எழுந்தால் 1098, 14417 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன.

இரண்டாம் வகைக்கு வருவோம். மாணவர்கள் வாயில் புழங்கும் வசவுகளைப் பிரித்துப் பாருங்கள். சண்டை இரண்டு பையன்களுக்கு இடையே. திட்டு வாங்குவதோ ஒருவனின் அம்மா. இல்லையென்றால் அக்கா, தங்கை. அடுத்து சாதி. அடுத்து உடற்குறை. களத்திலேயே இல்லாத ஒருவர் மேல்தான் பெரும்பாலான வசவுகளின் பொருள் போய் விழுகிறது.

சில சொற்களின் வரலாறு வேதனையானது. தேவரடியார் என்றால் இறைவனின் அடியார் என்றே பொருள். தஞ்சைப் பெரிய கோயிலில் பணிபுரிய 400 பெண்களை அமர்த்தி, வீடும் நெல்லும் வழங்கியதை இராசராசன் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அத்தகைய கோயில் பணிப் பெண்களைக் குறித்த சொல்தான் பின்னாளில் தேய்ந்து, இன்று பெண்களை இழிவுபடுத்தும் வசவாகக் கிடக்கிறது. 'அடப் பாவி, சண்டாளா' என்று விளையாட்டாகச் சொல்கிறோம். அது நம் மாநிலப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலரறியச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை மேல்வகுப்பு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

"சார், ஃபிரண்ட்ஸ்குள்ள சும்மா சொல்றது சார்" என்பார்கள். அதுவும் உண்மைதான். அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் வெறும் அசைச்சொல் போல ஆகிவிட்டது. பொருள் மறந்து போனதால்தான் அவ்வளவு எளிதாக வருகிறது. அதனால் பொருளை நினைவூட்டுவதே மருந்து. எட்டாம் வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவனைத் தனியே அழைத்து, "உனக்குக் கோபம் அவன் மேல். அவன் அம்மா உனக்கு என்ன செய்தார்?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "எங்கம்மாவைச் சொன்னா நானும் விடமாட்டேன் சார்" என்றான். அதற்கு மேல் அறிவுரை தேவைப்படவில்லை.

கூடவே, கோபத்துக்கு வேறு சொல்லும் தர வேண்டும். எரிச்சல், ஏமாற்றம், அவமானம், பொறாமை எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே வசவுதான் இருக்கிறது. "நீ செய்தது எனக்கு அவமானமாக இருந்தது" என்று சொல்லப் பழக்குவோம். தொடக்க வகுப்பில் கதை வழியாகவும் நடிப்பு வழியாகவும் இதை எளிதில் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. எருமை, தண்டம், மக்கு, 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு' போன்றவை வகுப்பறைகளில் இன்னும் ஒலிக்கின்றன. இவற்றை நாம் கெட்ட வார்த்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மாடு மேய்ப்பவரின் பிள்ளையும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. தன் அப்பாவின் தொழில் திட்டுவதற்கு உரிய சொல் என்று அது நம்மிடமிருந்து கற்கக் கூடாது.

இனியவை கூறலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நாம் அதை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்தாமல், இடைவேளையிலும் விளையாட்டுத் திடலிலும் நடத்துவோம்.