படைக்கலத் தொழிற்சாலையும் நம் இளைஞரும்



படைக்கலத் தொழிற்சாலையில் சேரலாமா என்று நம் இளைஞர் பலர் வினவுகின்றனர். சேரலாம், ஆனால் எவ்வாயில் வழியாக என்பதை அறிந்து சேர வேண்டும்.

1965இல் முதல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய ஆவடித் தொழிற்சாலை போன்ற இடங்களில், இட ஒதுக்கீட்டால் நுழைந்த நம்மவர்க்கு நிலையான ஊதியமும் குடியிருப்பும் ஓய்வூதியமும் கிட்டின. கூலியை நெல்லாக அளந்து வாங்கிய குடும்பத்திற்கு மாதச் சம்பளம் சிறு மாற்றமன்று. பிள்ளைகளின் படிப்பே அதில் அடங்கியிருந்தது.

2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஏழு நிறுவனங்கள் அமைந்தன. அவையும் அரசுடைமையே, ஒதுக்கீடு உண்டு. வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரமளித்த சட்டமும் அவ்வாண்டே வந்தது. தனியார் ஆயுத நிறுவனங்களுக்கோ ஒதுக்கீட்டுக் கடமையே இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆளாக நுழைபவன் அதே கடைசல் இயந்திரத்தில் நின்றாலும் அரசு ஊழியன் ஆகான். இதுவே நம்மை மிகவும் வருத்துவது.

இன்னொன்றும் உண்டு. புத்தர் விலக்கிய ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபமும் ஒன்று. அண்ணல் அம்பேத்கரோ நம் மக்களுக்குப் படையில் இடம் கேட்டவர். 1956இல் பௌத்தம் தழுவியவரும் அவரே. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எண்ணுகிறோம். வயிற்றுக்கில்லாதவனிடம் முதலாவதை மட்டும் ஓத நமக்கு மனம் வரவில்லை.

ஐ.டி.ஐ. முடித்தோர், கையொப்பமிடுமுன், ஊதியம் தருவது தொழிற்சாலையா ஒப்பந்தக்காரரா என்று கேட்டறிக.