சுமை தாங்கும் பாலம்



பிலிப்பைன்ஸ் நாட்டில் சமார், லேய்த்தே என்று அருகருகே இரண்டு பெரிய தீவுகள். நடுவில் உள்ள குறுகிய கடலின்மேல் சான் ஹுவானிக்கோ பாலம் நிற்கிறது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1973 ஜூலை 2 அன்று திறந்தார்கள். அது அதிபர் மார்க்கோசின் மனைவி இமெல்டாவின் பிறந்தநாள். ஆகவே மனைவிக்குக் கணவர் தந்த பரிசு என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பரிசுக்கான பணம் என்னவோ ஜப்பானிடம் வாங்கிய கடன்!

அப்போது அங்கே இராணுவச் சட்டம் நடப்பில் இருந்தது. கைதிகளை வதைத்த முறைகளில் ஒன்றுக்கு இந்தப் பாலத்தின் பெயரையே வைத்தார்கள். தலை ஒரு கட்டிலில், கால்கள் இன்னொரு கட்டிலில், நடுவில் எந்தத் தாங்கலும் இல்லை. உடல் தொய்ந்தால் அடி, உதை. சொல்லவே நமக்கு நா கூசுகிறது.

ஆனால் நம் வீடுகளைச் சற்றுப் பார்ப்போம். அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. பங்கு பிரித்தபோது வந்த மனவருத்தம். அம்மா வழியாகத்தான் செய்தி போகிறது, வருகிறது. இவன் கோபத்தை அவனுக்கு ஆறவைத்துச் சொல்ல வேண்டும்; அவன் பதிலை இவனுக்கு இனிப்பாக்கிச் சொல்ல வேண்டும். ஒருநாள் அவர் தளர்ந்துவிட்டால், "நீங்கள் அவன் பக்கம்தானே" என்று இருவருமே ஏசுகிறோம்.

2013-இல் ஹையான் புயல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பாலம் அதைத் தாங்கி நின்றது. அன்றாடச் சுமைதான் அதைத் தளர்த்தியது. 2025 மே மாதம், மூன்று டன்னுக்கு மேற்பட்ட எந்த வண்டியும் ஏறக்கூடாது என்று அரசு தடை போட்டது. சரக்கு லாரிகள் படகுத்துறைக்குத் திரும்பின. வணிகம் பாதித்தது, வருத்தம்தான். ஆனாலும் பாலத்தின் அடியில் போய்ப் பார்த்து, இதற்குமேல் தாங்காது என்று சொல்ல அங்கே ஆள் இருந்தார்கள்.

ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்கும்படி கலாத்தியருக்கு எழுதுகிறார் புனித பவுல். அதே அதிகாரத்தில், சற்றுத் தள்ளி, அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். முதலாவதை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, இரண்டாவதை நாம் வாசிக்காமலே விட்டுவிடுகிறோம்.

அந்த அண்ணனோ தம்பியோ இந்நேரம் வானொலியின் அருகில் இருந்தால், இன்று இரவு ஜெபமாலை முடிந்ததும் நேராகவே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசலாமே. அம்மாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.