வீட்டுப் படிப்பும் வெளிக் கதவும்

(மண்டபத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டிலேயே படிக்க வச்சா என்ன?" என்று நம் சங்கத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசச் சொல்லி எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார் செயலாளர். பக்கத்தில் பிரியாணி மணக்கிறது, பத்தே போதும்.

இதை வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமியை, வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம். தகப்பனார் நாராயணசாமி கல்லூரியில் பணியாற்றியவர். வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

கதை அங்கே நின்றிருந்தால்? மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு 1904-இல் இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர், 1927-இல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அப்பா பாதி தூரம் கொண்டுவந்தார். மீதிக்கு ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது.

நூறு வருஷம் கழித்தும் அதே கதைதான். மும்பையில் ஒரு பெண் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். அம்மா வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். சர்வதேச கணிப்பொறி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம்! ஆனால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.க்குப் போக வழியில்லை. எம்.எஸ்ஸி. அளவிலான படிப்பில் சேர்த்துக்கொண்டது நம் சென்னை கணிதவியல் கழகம். 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அழைத்துக்கொண்டது.

"அப்போ வீட்டுப் படிப்புதான் உசத்தி" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஜெயித்த பிள்ளைதான் பத்திரிகையில் வரும். அமெரிக்க ஆய்வுகள் பலவற்றில் தாமாக முன்வந்த குடும்பங்களைத்தான் கணக்கெடுத்தார்கள். மார்க் குறைந்த வீடு ஏன் முன்வரப் போகிறது? கனடாவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு சின்னதுதான், வீட்டில் படித்தவர் 37 பேர், பள்ளியில் படித்தவர் 37 பேர். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒழுங்காகப் பாடத்திட்டம் வைத்துச் சொல்லிக்கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளை விட நன்றாகச் செய்தார்கள். பாடத்திட்டமே இல்லாமல் விட்ட பன்னிரண்டு பேர் பின்தங்கினார்கள்.

ஆகவே கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் உண்டா? எந்தப் பரீட்சை வழியாக வெளியே வருவான் என்று இப்போதே தெரியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் யோசிக்கலாம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோர் கடமை என்கிறது. வீட்டுப் படிப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இதையும் மனசில் வையுங்கள்.

ஆனால் நான் பேச வந்தது வேறு பிள்ளைகளைப் பற்றியும்தான். இந்த மண்டபத்துக் கரையில் எட்டாம் வகுப்போடு வள்ளம் ஏறும் பையன் இருக்கிறான். அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பெண் இருக்கிறாள். அவர்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள். நாராயணசாமி மாதிரி அப்பாவுக்கு எங்கே போவது?

பதினாலுக்குக் கீழே உள்ளவர்களைப் பள்ளிக்கே திருப்ப வேண்டும், அதில் பேச்சே இல்லை. பதினாலு நிறைந்தவர்களுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பதிவு ஐந்து வருஷம் செல்லும். ஒன்பது தடவை எழுதலாம். ஒரு பாடத்தில் போனாலும் மற்றதெல்லாம் வீணாகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். படகு கரையில், பையன் வீட்டில். நம்மில் எத்தனை பேர் ரிட்டயர்டு வாத்தியார்கள்! அந்த இரண்டு மாசம் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், அக்டோபர் பரீட்சைக்கு ஓரளவு தயார் செய்துவிடலாம்.

கணக்குக்கு இரண்டு பேர், இங்கிலீஷுக்கு ஒருத்தர் வேண்டும். பொருளாளரிடம் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரை எழுதிவிட்டுப் பந்திக்குப் போங்கள்.