'பணக்கார வியாதி' இப்போ யார் வீட்டில்?

(மதுரையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியது)



சர்க்கரையைப் 'பணக்கார வியாதி'ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். ஐ.சி.எம்.ஆர் ஆதரவில் 15 மாநிலங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. நாட்டின் பெரும்பகுதியில் வசதியானவர்களிடம்தான் சர்க்கரை அதிகம். ஆனால் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகர் நகர்ப்பகுதிகளில் கணக்கு தலைகீழ். அங்கே வசதி குறைந்தவர்களிடம்தான் அதிகம்.

ஏன்? மாட்டுத்தாவணியில் விடியற்காலை மூட்டை தூக்குகிற அண்ணனைப் பாருங்க. வெறும் வயிற்றில் மூணு டீ, ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா. பூக்கட்டுகிற அம்மா காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. முழம் குறைந்தால் கூலி குறையும். ரேஷன் அரிசியை நான் குறை சொல்ல மாட்டேன், பசியை விரட்டிய அரிசி அது. ஆனால் விலை ஏறும்போது தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது காயும் பருப்பும்தான். மிச்சம் சோறு மட்டும்.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கெதுக்கு சுகர் வரப்போகுது?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வரும். தாயின் வயிற்றிலேயே சத்துக் குறைவாக வளர்ந்த பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல்.

"டெஸ்ட்டுக்குப் போனா ஒரு நாள் கூலி போயிருமே சார்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த ஒரு நாளைத் தள்ளிப்போடுவதன் விலை கண்ணில் தெரியும். கண்புரை வந்தால் ஆபரேஷனில் பார்வை திரும்பும். அதற்காகத்தான் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு இதே மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சர்க்கரையால் விழித்திரை கெட்டால் கதை வேறு. தொடக்கத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. தெரியவரும்போது, போன பார்வையை முழுசாக மீட்பது கஷ்டம். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்கணும்.

கூலியை விடாமல் என்ன செய்யலாம்? 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையும் வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்குக் காசு கிடையாது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்க. "இப்ப நல்லாத்தான் இருக்கேன்"னு மாத்திரையை நீங்களே நிறுத்திடாதீங்க.

உங்க கையில் போன் இருக்கு. அப்பா, அம்மாவின் மருத்துவச் சீட்டைப் படம் எடுத்து வைங்க, அடுத்த பரிசோதனைத் தேதிக்கு அலாரம் போடுங்க. உங்க தெருவுக்கு யாரும் வரவில்லையா? பக்கத்து சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லிக் கேளுங்க. சந்தேகம் இருந்தா 104-க்குப் போன் பண்ணுங்க.