முட்டுக்கட்டை



ஆழித்தேர் ஓடுகிற திருவாரூரில் நின்று பேசுகிறேன். வேறு எங்கிருந்து தொடங்குவது? தேரிலிருந்தே தொடங்குகிறேன். தேரோட்டத்தன்று வடம் பிடிக்கிறவர்களை எல்லோரும் பார்க்கிறோம். மேலே வீற்றிருக்கும் தியாகேசரைப் பார்க்கிறோம். சக்கரத்தை ஒட்டி, கையில் கட்டையோடு குனிந்தபடியே நடக்கிறார்களே, அவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? வீதி முனை வரும்போது அவர்கள் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு கட்டைக்குத் தேர் திரும்புகிறது, நிற்கிறது. அவர்கள் இல்லையென்றால் அத்தனை பேர் பலத்தோடு இழுத்த தேர் எதிர்வீட்டுத் திண்ணைக்குள் போய்த்தான் நிற்கும்.

ஆனால் நம் பேச்சு வழக்கில் அந்த வேலை என்ன ஆகிவிட்டது பாருங்கள். "முட்டுக்கட்டை போடுகிறான்" என்றால் அது வசவு! தணிக்கைத் துறை கணக்குக் கேட்டால் முட்டுக்கட்டை. தேர்தல் ஆணையம் தடுத்தால் முட்டுக்கட்டை. தகவல் ஆணையம் கோப்பைக் காட்டச் சொன்னால் முட்டுக்கட்டை. எந்தக் கட்சி ஆட்சியானாலும் இந்தப் புலம்பல் மட்டும் மாறுவதில்லை.

எனக்குத் தந்த தலைப்பு, "அரசு அமைப்புகளின் சுதந்திரம்: பல நாட்டுச் சட்டங்களின் பார்வையில்". மூச்சு வாங்க வைக்கும் தலைப்பு. அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். கட்டை போடுகிறவரைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? மற்ற எல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான்.

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே இந்தக் கேள்விக்கு விடை எழுதிய இரண்டு பெரிய வழக்குகளும் செத்துப்போனவர்களின் சம்பள பாக்கி வழக்குகள். ஆமாம், சம்பள பாக்கி!

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் மையர்ஸ் என்று ஒரு அஞ்சல் அதிகாரி. 1920இல் குடியரசுத் தலைவர் வில்சன் அவரை நீக்கினார். செனட் சபையின் சம்மதம் இல்லாமல் நீக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. மையர்ஸ் வழக்குப் போட்டார். தீர்ப்பு வருமுன் காலமானார். மனைவி வழக்கை நடத்தினார். 1926இல் தீர்ப்பு வந்தது. நீக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருடையது, குறுக்கே நிற்கும் சட்டம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அதை எழுதிய தலைமை நீதிபதி டாஃப்ட் யார் தெரியுமா? அவரே முன்னாள் குடியரசுத் தலைவர்!

அடுத்தவர் ஹம்ஃப்ரி. வணிகத்தில் நடக்கும் முறைகேடுகளைத் தடுக்க 1914இல் அமைந்த ஃபெடரல் டிரேட் கமிஷனில் உறுப்பினர். 1933இல் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவிக்கு வந்ததும், உங்கள் போக்கும் என் போக்கும் ஒத்துப்போகாது, விலகிவிடுங்கள் என்று கடிதம் எழுதினார். ஹம்ஃப்ரி அசையவில்லை. அக்டோபரில் ரூஸ்வெல்ட் அவரை நீக்கினார். அப்போதும் ஹம்ஃப்ரி, நான்தான் உறுப்பினர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் இறந்தும் போனார். அவருடைய உயில் நிர்வாகி வழக்குத் தொடுத்தார். கேட்டது சுமார் 3,000 டாலர் சம்பளம். 1935 மே மாதம் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: திறமையின்மை, கடமை தவறுதல், முறைகேடு என்று சட்டம் காரணங்களைச் சொல்லியிருக்கும்போது, கொள்கை ஒத்துப்போகவில்லை என்பதற்காக இவரை நீக்க முடியாது.

இவ்வளவுக்கும் ஹம்ஃப்ரி பெரிய கம்பெனிகளுக்கு இணக்கமானவர் என்று பெயர் எடுத்தவர். மக்கள் செல்வாக்கோ ரூஸ்வெல்ட் பக்கம். ஆனால் நீதிமன்றம் காத்தது ஹம்ஃப்ரியை அல்ல, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பிடித்தவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் நாற்காலியின் சுதந்திரம் பேசுகிறவர், உண்மையில் சுதந்திரம் பேசவில்லை. ஆளைத்தான் பேசுகிறார்.

அந்த நாற்காலி அண்மைக் காலத்தில் ஆடத் தொடங்கியது. ஒற்றைத் தலைவர் நடத்தும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2020இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. 2025இல் ஹம்ஃப்ரி இருந்த அதே கமிஷனின் உறுப்பினர் காரணமின்றி நீக்கப்பட்டு, அதே பழைய கேள்வி மறுபடி உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. நாடு ஆள மக்கள் தேர்ந்தெடுத்தது ஒருவரை. அவர் சொல் கேட்காத அதிகாரி எதற்கு என்கிறது ஒரு தரப்பு. அந்த வாதத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 1949 ஜூன் மாதம், அரசியல் நிர்ணய சபை. தேர்தல் ஆணையம் பற்றிய விவாதம். தலைமை ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதுபோல் நாடாளுமன்றத்தில் பெரும் ஆதரவோடுதான் நீக்க முடியும் என்று பூட்டுப் போட்டாயிற்று. சிப்பன் லால் சக்சேனா என்ற உறுப்பினர் எழுந்தார். வெளியே அனுப்பும் கதவைப் பூட்டிவிட்டீர்கள், சரி. உள்ளே அனுப்பும் கதவு? நியமனம் ஆளும் கட்சியின் கையில்தானே இருக்கிறது? இதுதான் அவர் கேள்வியின் சாரம். அம்பேத்கர் மழுப்பவில்லை. தகுதியற்ற ஒருவரோ அரசின் கைக்கு அடங்கிய ஒருவரோ அந்த இடத்துக்கு வருவதைத் தடுக்க இதில் வழியில்லை என்பதை ஒப்புக்கொண்டார். கடைசியில் நியமனம் நாடாளுமன்றச் சட்டத்துக்கு உட்பட்டது என்று எழுதிவைத்தார்கள். அந்தச் சட்டம் எப்போது வந்தது? 2023 டிசம்பரில். எழுபது ஆண்டுக்கும் மேல்!

இடையில் என்னென்ன நடந்தது? 1989 அக்டோபரில், பொதுத்தேர்தல் வாசலில், இரண்டு கூடுதல் ஆணையர்களை நியமித்தார்கள். ஆட்சி மாறியது. 1990 ஜனவரி முதல் நாளே அந்தப் பதவிகளையே ரத்து செய்தார்கள். ஆளை நீக்கினால்தானே விதி தடுக்கும்? நாற்காலியையே எடுத்துவிட்டார்கள்!

பிறகு வந்தார் சேஷன். தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1990 டிசம்பர் முதல் ஆறு ஆண்டுகள் தலைமைத் தேர்தல் ஆணையர். சுவரில் விளம்பரம் எழுத வேட்பாளர்கள் பயந்த காலம். அவரை நீக்க முடியாது. பதவியையும் ஒழிக்க முடியாது. என்ன செய்தார்கள்? 1993 அக்டோபரில் அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போட்டார்கள். பெரும்பான்மை முடிவே செல்லும் என்றார்கள். சேஷன் நீதிமன்றம் போனார், 1995இல் தோற்றார். ஒருவர் கையில் அத்தனை அதிகாரமும் இருப்பதைவிட மூவர் கூடி முடிவெடுப்பது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூவர் என்றால் மூவருக்கும் ஒரே பூட்டு வேண்டாமா? தலைமை ஆணையருக்கு நீதிபதிக்குரிய பாதுகாப்பு. மற்ற இருவரை அவர் பரிந்துரைத்தால் நீக்கலாம். அரசியல் சாசனத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை, பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவே தேர்தல் ஆணையர்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றது. ஆண்டு முடிவதற்குள் சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இருந்த இடத்தில் பிரதமர் குறிப்பிடும் ஓர் அமைச்சர். மூன்றில் இரண்டு ஓட்டு எந்தப் பக்கம்? கணக்கு வாத்தியார் தேவையில்லை.

நண்பர்களே, பூட்டை உடைக்காமலும் வீட்டுக்குள் நுழையலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோது, தகவல் ஆணையருக்கு ஐந்தாண்டுப் பதவி, தேர்தல் ஆணையருக்கு நிகரான சம்பளம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 2019இல் திருத்தம் வந்தது. பதவிக்காலமும் சம்பளமும் இனி மத்திய அரசு வகுக்கும் விதிப்படி. ஐந்து, மூன்றாயிற்று. ஆணையரின் அதிகாரத்தில் ஓர் எழுத்தைக்கூடக் குறைக்கவில்லை. கூலியும் நாளும் யார் கையில் என்பதை மட்டும் மாற்றினார்கள். இதற்கு நேர்மாறாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் பாருங்கள். சம்பளத்தை அவருக்குப் பாதகமாக மாற்ற முடியாது. ஓய்வுக்குப் பிறகு மத்திய, மாநில அரசுகளின் கீழ் எந்தப் பதவியும் வகிக்க முடியாது. நாளைக்கு ஒரு பதவி கிடைக்கும் என்ற ஆசையும் ஒரு கயிறுதான் என்று அன்றே தெரிந்து எழுதியிருக்கிறார்கள்.

கடல் தாண்டி இலங்கைக்கு வாருங்கள். இதைப் போல ஓர் ஊஞ்சல் கதை வேறெங்கும் இல்லை. 2001இல் 17ஆம் திருத்தம். அரசியலமைப்புப் பேரவை என்று ஒன்றை உண்டாக்கி, தேர்தல், பொதுச் சேவை, பொலிஸ் ஆணைக்குழுக்களுக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் பொறுப்பைத் தந்தார்கள். 2005இல் உறுப்பினர்களின் காலம் முடிந்தது, புதிதாக நிரப்பவில்லை. வெறும் நாற்காலிகள்! 2010இல் 18ஆம் திருத்தம்: பேரவை போயிற்று. வந்த பாராளுமன்றப் பேரவை கருத்துச் சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் சனாதிபதி இஷ்டம். 2015இல் 19: பேரவை திரும்பியது. 2020இல் 20: மறுபடி போயிற்று. பொருளாதாரம் சரிந்து, மக்கள் வீதிக்கு வந்த பிறகு, 2022 அக்டோபரில் 21: மறுபடி வந்தது. இருபத்தோரு ஆண்டில் ஐந்து திருத்தம். கட்டைக்காரரை வேலைக்கு வைப்பது, துரத்துவது, மறுபடி கூப்பிடுவது. ஒவ்வொரு முறையும் தேர் அசுரப் பெரும்பான்மையோடு ஓடும்போதுதான் அவர் துரத்தப்பட்டார் என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாகத் தென்னாப்பிரிக்கா. 1996 அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் இத்தகைய அமைப்புகளுக்கே. அதில் ஒன்று பப்ளிக் புரொடெக்டர். மக்கள் காவலர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டு, ஒரே ஒரு முறை, நீட்டிப்பு கிடையாது. நீக்க வேண்டுமென்றால் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அந்தப் பதவியில் இருந்த துலி மடோன்செலா, குடியரசுத் தலைவர் ஜூமாவின் நிகாண்ட்லா கிராமத்து வீட்டை ஆராய்ந்து 2014இல் அறிக்கை தந்தார். பாதுகாப்பு என்ற பேரில் அரசுப் பணத்தில் மாட்டுப்பட்டி, கோழிக்கூண்டு, நீச்சல் குளம்! நீச்சல் குளம் தீயணைக்கத்தான் என்று ஓர் அமைச்சர் அறிக்கையே கொடுத்தார். 2016 மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம், மக்கள் காவலரின் உத்தரவு வெறும் ஆலோசனை அல்ல, கட்டுப்படுத்தும் என்றது. ஜூமா 78 லட்சம் ராண்ட் திருப்பிக் கட்டினார்.

இப்போது பழைய பாக்கி. "இவர்களை யார் தேர்ந்தெடுத்தது?" நியாயமான கேள்வி. அதற்கும் தென்னாப்பிரிக்காவிலேயே விடை இருக்கிறது. மடோன்செலாவுக்கு அடுத்து அதே பதவிக்கு வந்தவரை, 2023இல், விசாரணை நடத்தி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து, நாடாளுமன்றம் நீக்கியது. ஆக, சுதந்திரம் என்றால் யாருக்கும் பதில் சொல்லாத ஜமீன் அல்ல. நீக்கலாம். ஆனால் காரணம் சொல்லி, வெளிச்சத்தில், ஆளும் கட்சியோடு மற்றவர்களும் கைதூக்கி நீக்க வேண்டும். ராத்திரியில் ஒரு கடிதத்தால் நீக்க முடிந்தால் அவர் அதிகாரி இல்லை, ஏவலாள். எவராலுமே நீக்க முடியாது என்றால் அவர் குறுநில மன்னர். இரண்டுக்கும் நடுவில், மெல்லிய ஒரு கோட்டில் நிற்கிறது இந்தச் சுதந்திரம்.

அடுத்த முறை எந்த ஆணையத்தின் பெயரைக் கேட்டாலும், தலைவர் நல்லவரா கெட்டவரா என்று மட்டும் கேட்காதீர்கள். யார் வைத்தார்? யார் நீக்கலாம்? சம்பளம் யார் கையில்? ஓய்வுக்குப் பிறகு யாரை எதிர்பார்த்து நிற்பார்? இந்த நாலையும் கேளுங்கள். நல்லவருக்கும் இந்த நான்கு கயிறு கட்டினால் அவர் கை எழாது. சாதாரண மனிதரையும் இவற்றிலிருந்து அவிழ்த்துவிட்டால் அவர் தைரியமாகக் கட்டை போடுவார்.

தேர் நிலைக்கு வந்ததும் வடம் பிடித்தவர்களுக்கு நீர்மோர் கொடுக்கிறோம். இந்த முறை சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கைகளில் சிராய்ப்போடு நிற்பவருக்கும் ஒரு குவளை கொடுங்கள். கொடுத்துவிட்டு, "உங்களை யாரும் வேலையைவிட்டு எடுத்துவிட முடியாதே?" என்றும் கேட்டு வாருங்கள். அந்தக் கேள்வியில்தான், நண்பர்களே, அடுத்த வீதி முனை இருக்கிறது.