ஆவணமும் ஊரில் தங்கட்டும்

 

கலைஞர் ஒருவர் ஓர் ஊரில் சில மாதம் தங்கி, அந்த ஊரைப் பற்றிய காலனிய ஆவணங்களைப் படித்து, படமாகவோ காணொளியாகவோ படைக்கும் ரெசிடென்சி முறை இன்று பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் அது எப்படி நடக்க வேண்டும்? என் கருத்து இதுதான்: கலைஞர் இங்கே தங்க வேண்டும், அவர் தேடி எடுக்கும் ஆவணத்தின் படியும் இங்கேயே தங்க வேண்டும்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்த மண் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடும், அவர் உதவியாளராகத் தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை விதித்தார்கள். உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் வேர்விட்டது. அக்காலக் கடிதங்களும் கணக்குகளும் பின்னாளில், அன்றைய வட்டாரப் பெயரால், 'பாரமகால் ரெக்கார்ட்ஸ்' என்று தொகுதிகளாக அச்சேறின. ஏடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. அளக்கப்பட்ட காடு இங்கே இருக்கிறது. வாசிப்பறையில் 'புன்செய்' என்பது ஒரு தீர்வை விகிதம். ராசிபுரம் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டு வரப்பில் நின்று அதே சொல்லைப் படித்தால், மழை பொய்த்த ஆண்டில் அந்தத் தீர்வையை எதை விற்றுக் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். கேமராவுக்கு அங்கேதான் வேலை.

திரைப்படத்துக்கு வருகிறேன். சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையத்தின் வளைவு இன்றும் நிற்கிறது. அதன் பின்னால் இருந்த ஸ்டுடியோ இல்லை. அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய்வந்தவர். 1945இல் அவர் இயக்கிய 'பர்மா ராணி' ஆங்கில அரசின் போர் முயற்சிக்குத் துணைநின்ற படம். ஜப்பானிய அதிகாரியாக அவரே நடித்தார். அதே பர்மாவிலிருந்து 1942இல் காடும் மலையும் கடந்து நடந்தே வந்த தமிழர்கள் உண்டு. நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களும் உண்டு. அந்தப் படம் ஓடிய கொட்டகையில் அவர்களும் அவர்கள் வீட்டாரும் என்ன நினைத்திருப்பார்கள்? எந்தக் கோப்பிலும் எழுதப்படாத இந்தக் கேள்வியைக் கலைஞர்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இதற்கு நல்ல முன்மாதிரி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தோம்பு என்பது அங்கே ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலில், போரால் இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். அதனுடன் கட்டடக்கலை வரைபடமும் ஓவியரின் சித்திரமும் சேர்கின்றன. வரி வாங்கப் பிறந்த பதிவேட்டின் வடிவம், வீடிழந்தவரின் சாட்சியமாக மாறிவிட்டது. பெங்களூரில் ஆயிஷா ஆபிரகாம், டாம் டி அகியார் என்ற ஆங்கிலோ இந்தியர் எடுத்த வீட்டுப் படச்சுருள்களைத் தேடிப் பிடித்து, 'ஸ்ட்ரெய்ட் 8' என்ற படத்தை 2005இல் உருவாக்கினார். அவருக்கு ஆவணக் காப்பகமாக அமைந்தது ஒரு தனிமனிதரின் சேமிப்பு.

நம் வீடுகளிலும் அப்படி இருக்கும். கர்ணம் வேலை பார்த்த குடும்பத்தில் அடங்கல் என்னும் ஊர் நிலக் கணக்குக் கட்டு இருக்கலாம். ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் இரண்டு சுருளும் இருக்கலாம். அந்தப் பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால், படம் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் அவையிடம் மூன்று வேண்டுகோள். இங்கே உருவாகும் படைப்பு முதலில் இங்கேயே திரையிடப்பட வேண்டும். அதற்குப் பயன்பட்ட ஆவணங்களின் படிகள் இவ்வட்டாரக் கல்லூரி நூலகம் ஒன்றிலாவது யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். மூன்றாவது, உங்கள் ஒவ்வொருவருக்கும்: இன்று வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்கள். பழைய தாளையோ சுருளையோ எடைக்குப் போடாதீர்கள், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வையுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் வந்து பார்க்கிறோம்.